தொண்ணூற்று நான்கு விநாடி

பதினொரு மணிக்கு வரச் சொன்னால் பதினொரு மணிக்கு வர வேண்டியதுதானே, பத்து இருபதுக்கே வந்து இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என்ன சாதிக்கப் போகிறாள் என்று இந்திராணியைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, நூலகத்தில் இருப்புக் கொள்ளவில்லை, ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று பெரிய மனது பண்ணி ஒதுக்கியிருக்கிற ஜன்னலில்லாத அந்த அறையில் மூச்சே விட முடியவில்லை. ஆகவே இங்கே. மடியில் நீல ஃபைல், தோளில் கைப்பை. நாற்பத்தொரு பக்கம் இருக்க வேண்டிய ஃபைலில் நாற்பதுதான் இருக்கிறது. இல்லாத பக்கம் இருபத்தாறு. அது நாலாக மடிந்து கைப்பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடக்கிறது. அதைத் தான் எடுக்கவில்லை என்றுதான் இன்னும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காலையில் அடுக்கும்போது தனியாகக் கழன்று வந்தது, கழன்று வந்ததை எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும், வைத்தாள், அவ்வளவுதான். ஒரு காகிதம் தானாகவே நாலாக மடித்துக்கொண்டு தயிர்சாதத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளுமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் எதிர்க் கதவுக்கு உள்ளே இருக்கிறார்.

கதவில் பெயர்ப்பலகை, முனைவர் பாலாம்பிகை, துறைத் தலைவர். இந்திராணியின் கைடு. நல்ல மனுஷி, கெட்ட மனுஷி என்றெல்லாம் சொல்லிவிட முடியாது, கறார். அட்டெண்டர் செல்லதுரை ஃபிளாஸ்க்கோடு வெளியே வந்து, “மேடம் ஃபோன்ல இருக்காங்கம்மா. பதினொண்ணுக்குத்தான் கூப்பிடுவாங்க, அதுக்கு முன்னாடி போய்த் தட்டாதீங்க” என்று அவள் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார். தட்டப் போகிறவள் முகமா இது. நாற்பத்து மூன்று வயது, பதினான்கு வருடம் புதுக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை, சம்பளமில்லா விடுப்பில் வந்து நான்காம் வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். எதில் என்று கேட்பவர்களுக்கு அவள் ஒவ்வொரு முறையும் விளக்கித் தோற்றிருக்கிறாள். மனம் உடைந்து வருகிறவர்களிடம் பேசுகிற ஆலோசகர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களை உருவாக்குவதும் மேற்பார்வையிடுவதும்தான் அவள் படிப்பு. “அப்ப நீ யாரையும் குணமாக்க மாட்டே, குணமாக்கறவங்களைத் திட்டுவே” என்றார் அவள் கணவர் மனோகரன், சிரித்துக்கொண்டே, முதல் வருடம். இப்போது சிரிப்பதில்லை. அவர் ஏதாவது சொன்னால் அவள் தலையைச் சாய்த்து “ம்” என்கிறாளாம், “அந்த ம்-மை உன் காலேஜ்லயே வச்சுட்டு வா, என்கிட்ட சண்டை போடு” என்கிறார். சண்டை போடக்கூட அவளுக்கு இப்போது பயிற்சி விட்டுப்போய்விட்டது. மேடம் என்ன சொல்வார். “ஃபைலைப் பாத்தேன், சரிதான், அந்தப் பொண்ணை நிறுத்திடலாம்” என்பார். அவ்வளவுதான் சொல்வார். பதினொன்று ஐந்துக்கெல்லாம் முடிந்துவிடும். முடிந்துவிட்டால் நல்லதுதானே. நல்லதா?

அந்தப் பொண்ணு ரிஸ்வானா. எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம், இருபத்து மூன்று வயது, பாலக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், கூப்பிடும்போதே “அக்கா” என்பதில் ஒரு கா-வைக் கூடுதலாகப் போடுகிறவள். இந்தப் பயிற்சி மையத்தில் அவள் ஆலோசனைக்கு வருகிற கிளையன்டுகளைப் பார்க்கிறாள், அவர்கள் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்கிறாள், வரி விடாமல் எழுதிக்கொண்டு வருகிறாள். இந்திராணி பதிவைக் கேட்டு அந்தத் தாள்களின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுகிறாள். அதற்குப் பெயர் சூப்பர்விஷன். கிளையன்டின் பெயர் இந்திராணிக்குத் தெரியக் கூடாது, முகம் தெரியக் கூடாது, எண் மட்டும்தான். இவர் பதினேழு. மூன்றாம் எண் அறை, வியாழக்கிழமை பதினொரு மணி. பதினேழை எங்காவது கடைத்தெருவில் பார்த்தால் இந்திராணி இடித்துக்கொண்டு போய்விடுவாள், ஆனால் அந்தக் குரலை ஆயிரம் பேருக்கு நடுவிலும் கண்டுபிடிப்பாள். கல்யாண மண்டபங்களில் சமையலுக்குப் போகிற அம்மா. புகையில் கரகரத்த குரல். உண்மையான எதையாவது சொல்வதற்கு முன்னால் மட்டும் “அது கெடக்கு” என்று ஒரு முறை சொல்லிக்கொள்ளும். வெங்காயம் விலை, மருமகன் வாய், மண்டபத்து மேனேஜரின் அலட்டல், எல்லாம் சொல்லும், பிறகு “அது கெடக்கு” என்று எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளும், அதற்குப் பிறகு வருவதுதான் விஷயம். நான்காவது சந்திப்பில் அப்படித்தான் சொன்னது. “அது கெடக்கு. மூணு தடவ போன் அடிச்சான் பாப்பா, எம்மவன். மொத ரெண்டு தடவ எனக்குக் காதுல விழல, சத்தியமா விழல, பாத்திரம் உருட்டுற சத்தம். மூணாந்தடவ பாத்தேன். பாத்துட்டுதான்…” அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமேயில்லையா என்ன. மின்விசிறி இருந்தது. தூரத்தில் பஸ் ஒன்று கியர் மாற்றியது. கண்ணாடி வளையல் மேஜை விளிம்பில் ஒருமுறை பட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அது பதினேழா ரிஸ்வானாவா தெரியவில்லை. பிறகு நாற்காலி இழுபடுகிறது. செருப்பு. கதவு. அதற்கப்புறம்தான் ரிஸ்வானாவின் குரல், “அம்மா? அம்மா…”, யாருமில்லாத அறையில். தொண்ணூற்று நான்கு விநாடி. அந்த மகன் அன்று சாயங்காலமே இறந்துபோய்விட்டான், அவன் நம்பரிலிருந்து வேறு யாரோ பேசித் தகவல் சொன்னார்கள் என்பது இரண்டாவது சந்திப்பிலேயே பதிவாகியிருக்கிறது. எப்படிப் போனான் என்பதைப் பதினேழு இன்னும் சொல்லவில்லை. அந்த மூன்றாவது அழைப்பைப் பார்த்துவிட்டு ஏன் எடுக்கவில்லை என்பதையும் சொல்லவில்லை. சொல்ல வந்ததுதான் அந்தத் தொண்ணூற்று நான்கு விநாடி. அதைச் சொல்லாமல் எழுந்து போனவர் போனவர்தான். இன்றோடு இருபத்தொரு நாள். ரிஸ்வானா நாலு தடவை ஃபோன் போட்டாள், அணைத்து வைக்கப்பட்டுள்ளது, அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மையத்திலிருந்து ஒரு கடிதம் போட்டார்கள், உங்கள் நேரம் உங்களுக்காகவே இருக்கிறது, வியாழன் பதினொரு மணி, விருப்பமிருந்தால் வாருங்கள் என்று. இங்கே அது வழக்கம். கிளையன்ட் வராமல் போனாலும் மூன்று வாரத்துக்கு அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். பயிற்சி மாணவி உள்ளே போய் எதிர் நாற்காலி காலியாகவே இருக்க ஐம்பது நிமிடமும் உட்கார்ந்துவிட்டுத்தான் வரவேண்டும். இரண்டு வாரம் ரிஸ்வானா அப்படி உட்கார்ந்தாள். இன்று மூன்றாவது, கடைசி. இருபத்தொரு நாளில் ஒருவர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், இந்திராணி தினமும் பேப்பரில் நான்காம் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறாள், பெண், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், என்று எங்காவது இருக்கிறதா என்று பார்க்கிறாள். பெயர் தெரியாததால் எந்தப் பெயரைப் பார்த்தாலும் கடைசி வரிவரை படிக்கிறாள். போன செவ்வாய் ஒரு சமையல்காரப் பெண். மணப்பாறை. அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை, மகள் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

இருபத்தாறாம் பக்கம் மூன்றாவது சந்திப்பு. அதில் பதினேழு பேச்சை நிறுத்தி நான்கே விநாடியில் ரிஸ்வானா, “கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்” என்று குறுக்கே புகுந்திருந்தாள். பாவம், நல்ல மனசுதான், அவசரம். அதன் ஓரத்தில் இந்திராணியின் சிவப்பு மை. “நான்கு விநாடி! மௌனத்தில் கை வைக்காதே. அவர்களாகப் பேசும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது.” கூடாதுக்கு அடியில் இரண்டு கோடு. ஒரு கோடு போட்டிருந்தால் போதாதா. அந்த இரண்டாவது கோடு ரிஸ்வானாவுக்குப் போட்டதே இல்லை என்று இப்போது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும்போது தெரிகிறது. அதற்கு முந்தைய நாள்தான் அவள் ஆராய்ச்சியை மதிப்பிடுகிற டாக்டரல் கமிட்டி, நாலு பேர் முன்னால் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உங்க மாணவி லொடலொடன்னு பேசறா இந்திராணி, நீங்க என்னத்தைச் சூப்பர்வைஸ் பண்றீங்க?” என்றார். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் சிரித்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், காலை ஐந்து மணிக்கு அடுப்பில் பால் வைத்துவிட்டு, அந்தத் தாளின்மேல் கொட்டினாள். இதில் வேடிக்கை என்னவென்றால், வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும், அவள் ஆராய்ச்சியே இதுதான். மேற்பார்வையாளர் மாணவியை எப்படி நடத்துகிறாரோ அதே மாதிரி அந்த மாணவி கிளையன்டை நடத்துவாள், மேல் அறையில் நடப்பது அப்படியே கீழ் அறையில் நடக்கும், அதை யாரும் உணர்வதில்லை. அறுபத்து நான்கு மாணவிகளிடம் தகவல் திரட்டி, அட்டவணை போட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். யாரும் உணர்வதில்லை என்று அவளே தட்டச்சு செய்திருக்கிறாள். ஊருக்கு விளக்கு பிடித்துவிட்டுத் தன் வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்த கதை.

பத்து முப்பத்தெட்டு. வராந்தாக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுவது, அப்படியென்றால் முப்பத்து மூன்று. அறைகளுக்குள் கடிகாரம் கிளையன்டின் தலைக்குப் பின்னால் இருக்கும், ஆலோசகர் மட்டும் பார்க்கலாம், வந்தவருக்கு நேரம் தெரிந்து மனம் சுருங்கக் கூடாது என்று. அதற்கும் ரிஸ்வானா திட்டு வாங்கினாள். “உன் கண்ணு கடிகாரத்துக்குப் போகுது, அவங்களுக்குத் தெரியும், பாக்காதே.” “சரிக்கா. ஆனா எவ்வளவு நேரம்னு எப்படிக்கா தெரியும், பேசாம இருக்கும்போது எனக்கு நெஞ்சு அடிச்சுக்குதுக்கா.” “பயமா இருந்தா மனசுக்குள்ள எண்ணிக்கோ. எண்ணி முடிக்கறதுக்குள்ள அவங்களே பேசிடுவாங்க.” எதுவரை எண்ண வேண்டும் என்று இந்திராணி சொல்லவில்லை, ரிஸ்வானாவும் கேட்கவில்லை. பெரியவர்கள் எதுவரை என்று சொல்லாவிட்டால் எதுவரை வேண்டுமானாலும்தான். பதினேழு எழுந்துபோன மறுநாள் வந்து நின்று, “நான் வாயைத் திறக்கலக்கா. நீங்க சொன்ன மாதிரியே” என்றாள். குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, பரீட்சை எழுதிவிட்டு வந்து விடை சரியா என்று கேட்கிற தொனி. இந்திராணி “ம்” என்றாள். மனோகரன் சொன்னது சரி, அந்த ம்-மைப் போல ஒரு கோழைத்தனம் உலகத்தில் இல்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. போன வாரம் மேடம் ரிஸ்வானாவைக் கூப்பிட்டுப் பதிவைப் போட்டுக் காட்டி, “ஒரு பொம்பளை உன் முன்னாடி உடைஞ்சு போய் உக்காந்திருக்கு, கல்லு மாதிரி இருந்திருக்கியே, யாரு உன்னை இப்படி உக்காரச் சொன்னா?” என்று கேட்டார். இந்திராணி அந்த அறையிலேயேதான் இருந்தாள், பீரோவுக்குப் பக்கத்தில். ரிஸ்வானா முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இவங்கதான் என்று. இந்திராணி பக்கம் கண்ணைத் திருப்பியிருந்தாலே போதும். திருப்பவில்லை. “பாத்தீங்களா, கேட்டா வாயைத் திறக்கறாளா? இவ இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை இந்திராணி. ஃபைல் முழுசாக் கொண்டாங்க, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு முடிவு பண்ணி அப்பவே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிடுவோம்.” பயிற்சியை நிறுத்தினால் பட்டம் போச்சு, வீட்டில் அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று ரிஸ்வானாவே சொல்லியிருக்கிறாள். நிறுத்தாமல் இருபத்தாறாம் பக்கத்தைக் காட்டினால் இந்திராணியின் மேற்பார்வை திருப்திகரம் என்ற கையெழுத்து விழாது, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு தள்ளிப்போகும், விடுப்பு ஜூனோடு முடிகிறது, பிறகு புதுக்கோட்டை, எட்டாம் வகுப்பு சமூக அறிவியல், நாலு வருடமும் வீண். எட்டாம் வகுப்பு. இந்த நினைப்பு எங்கே சுற்றினாலும் அங்கேதான் போய் மாட்டிக்கொள்கிறது. மூன்றாம் பெஞ்சில் கோகிலவாணி என்று ஒருத்தி, மணி அடித்தும் வெளியே போகாமல் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, “டீச்சர்” என்றாள், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். இந்திராணி அந்தச் சும்மா நிற்பதைத் தாங்கமாட்டாமல், “படிப்புல கவனமா இரு, எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லி முதுகில் தட்டி அனுப்பினாள். கோடை லீவு முடிந்து அவள் வரவில்லை, தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். எல்லாம் சரியாயிடும். ரிஸ்வானாவின் தாளில் அதே வார்த்தை, அதனால்தான் பேனா அவ்வளவு அழுந்தியதோ. அப்படியும் வைத்துக்கொள்ளலாம், அது கொஞ்சம் கௌரவமான காரணம். ஒருத்தியிடம் பேசிக் கெடுத்தாள், இன்னொருத்தியிடம் பேசவிடாமல் கெடுத்தாள், இதற்கு ஒரு முனைவர் பட்டம்.

இந்த இடத்தில் பெஞ்சு கொஞ்சம் அசைந்தது. மறுகோடியில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். பச்சை வாயில் துணிப் புடவை, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. மடியில் ஜவுளிக்கடை மஞ்சள் பை, அதன் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். வலது புறங்கையில் பழைய சூட்டுத் தழும்பு, எண்ணெய் தெறித்ததாக இருக்கலாம், எண்ணெய் எந்த வீட்டில்தான் தெறிப்பதில்லை. கண்ணாடி வளையல். கண்ணாடி வளையலும் எல்லாரும்தான் போடுகிறார்கள். இந்த வராந்தாவில் தினமும் இருபது பேர் வருகிறார்கள், பல்கலைக்கழகத் துப்புரவுப் பணிக்கு மனுக் கொடுக்க வந்தவராக இருக்கலாம், யாருக்காவது அம்மாவாக இருக்கலாம். மூன்றாம் எண் அறை இந்தப் பெஞ்சிலிருந்து பத்தடி. வியாழக்கிழமை. அவர் பேசினால் தெரிந்துவிடும், ஒரு வார்த்தை போதும், இருமினால்கூடப் போதும். ஆனால் இவள் பேசக் கூடாது. மேற்பார்வையாளர் கிளையன்டோடு பேசக் கூடாது என்பது இங்கே முதல் பாடம், அதை முதலாண்டு மாணவிகளுக்கு நடத்துவதே இவள்தான். கிளையன்ட் இல்லையென்றால் பேசலாம். கிளையன்டா இல்லையா என்று பேசினால்தான் தெரியும். நன்றாக மாட்டிக்கொண்டாள். எதிர்ச் சுவரில் வேறு, அமைதி காக்கவும் என்று நீல எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், போகிற போக்கில் அதுவும் ஒரு குத்து.

அந்த அம்மா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது. பதிவில் இருந்த அதே மின்விசிறியா, எல்லா மின்விசிறியும் இப்படித்தான் கீச்சிடுமா. உயிரோடு இருக்கிறீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். இருந்து, இவராகவும் இருந்துவிட்டால், நான்காம் பக்கத்தை இனிப் புரட்ட வேண்டாம். இவராக இருந்துவிட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று ஆகிவிடும், அப்படியென்றால் இருபத்தாறாம் பக்கத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, அவர்தான் வந்துவிட்டாரே. இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஒரு மனுஷி பிழைத்திருப்பதில்கூட இவளுக்கு ஒரு லாபம் பார்க்கத் தெரிகிறது. ரிஸ்வானா உள்ளே போய்விட்டாளா, பின்பக்கப் படி வழியாகப் போய் உட்கார்ந்திருப்பாள், பத்தே முக்காலுக்கே போய்விடுவாள், காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு. பதினொன்றுக்கு மேடம் செல்லதுரையை அனுப்பி அவளை எழுப்பிக் கூட்டிவரச் சொல்வார். அப்போது இந்த அம்மா, இவராக இருந்தால், அந்தக் கதவைத் திறந்து பார்ப்பார், இரண்டு நாற்காலியும் காலியாக இருக்கும். மூன்று தடவை அடித்தும் எடுக்காத ஃபோன் மாதிரி. இந்திராணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பேசக் கூடாது. பயமாக இருந்தால் மனசுக்குள் எண்ணு. ஒன்று, இரண்டு, மூன்று. அவராகப் பேசும்வரை. பன்னிரண்டு, பதிமூன்று. தொண்ணூற்று நான்கு என்றால் எவ்வளவு நீளம் என்று அவள் இதுவரை உட்கார்ந்து பார்த்ததேயில்லை, ஒலிப்பதிவில் கேட்டிருக்கிறாள், காப்பி குடித்துக்கொண்டு. முப்பத்தொன்று. வராந்தாக் கோடியில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். நாற்பது. அந்த அம்மா தலையைத் திருப்பினார், இவள் முகத்தைப் பார்க்கவில்லை, இவள் கையைப் பார்த்தார். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு.

“நேரமாயிருச்சாம்மா?” என்றார் அந்த அம்மா. “வெரலு விட்டு எண்ணிக்கிட்டு இருக்கீகளே.”

கரகரத்த, புகை குடித்த குரல். இந்திராணி தன் கையைக் குனிந்து பார்த்தாள். ஃபைலுக்கு மேலே வலது கை, கட்டை விரல் மோதிர விரலின் நடுக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது. அவள் மனசுக்குள் எண்ணுகிறவள் இல்லை, எப்போதும் இல்லை. விரல் ரேகைகளில் கட்டை விரலை ஓட்டித்தான் எண்ணுவாள், பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும் காலத்துப் பழக்கம். “மனசுக்குள்ள எண்ணிக்கோ” என்று ரிஸ்வானாவிடம் சொன்னபோதும் அந்தக் கை அப்படித்தான் ஓடியிருக்கும். “இல்லம்மா” என்றாள். கண்ணில் நீர் முட்டியது, உயிரோடு இருக்கிறார், இதோ பச்சைப் புடவையில் மஞ்சள் பையோடு இருக்கிறார், அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

“இங்க எல்லாரும் எண்ணுவீக போலருக்கு” என்றார் அந்த அம்மா, கோபமில்லாமல். “அந்த மூணா நம்பர் ரூம்புல ஒரு பாப்பா இருக்கும், முக்காடு போட்டுக்கிட்டு. நல்ல பிள்ளை. மத்தவுக மாதிரி அத விடு இத விடுன்னு சொல்லாது, நாம சொல்றதக் கேக்கும். அது கெடக்கு.” பையின் வாயை ஒருமுறை முறுக்கினார். “அன்னைக்கு நானு ஒண்ணு சொல்ல வாயெடுத்தேன். யாருகிட்டயும் சொல்லாதது. மென்னிய அடைச்சுக்கிட்டு நிக்கிது, வந்துரும், இந்தா வந்துரும்னு இருக்கேன். நிமிந்து பாத்தா பாப்பா கண்ணுல தண்ணி ஊத்துது, கையி மேசைக்கு அடியில வெரலு விட்டு எண்ணிக்கிட்டு இருக்கு. சரி, நம்ம நேரம் முடிஞ்சிருச்சு போல, சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு எண்ணுது பிள்ளைன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். இன்னுங் கொஞ்சம் நேரம் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

இந்திராணி தன் வலது கையை ஃபைலுக்கு அடியில் மறைத்துக்கொண்டாள். ஒலிப்பதிவில் கை தெரியாது, கண்ணீர் தெரியாது. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள் என்றார்கள். அந்தக் குழந்தை அழுதுகொண்டே எண்ணியிருக்கிறது, இவள் சொன்னபடி, இவள் கை ஓடுகிறபடியே. ஃபோனைக்கூட எடுக்கவில்லையே நீங்கள் என்று கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாளா, அல்லது அந்த அம்மாவே சொன்னாரா, பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை. “போன அணைச்சு அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன். அடிச்சா எனக்குத் தாங்காது” என்றார் அந்த அம்மா. “கடுதாசி வந்துச்சு, பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுச் சொல்லுச்சு. உங்க நேரம் உங்களுக்குத்தான்னு போட்டிருந்துச்சாம். அதேன் வந்தேன். அந்தப் பாப்பா இருக்குமில்ல இன்னைக்கி?”

கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது, முந்தி ஓடுகிற ஐந்து நிமிடத்தைக் கழித்தால் இப்போதுதான் பதினொன்று. கதவு திறந்து செல்லதுரை தலையை நீட்டினார். “மேடம் கூப்பிடறாங்கம்மா. அந்தப் புள்ளையையும் வரச் சொல்லிடட்டுமா?” இந்திராணி எழுந்தாள். ஃபைலைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள், டிபன் பாக்ஸைத் தூக்கினாள், இருபத்தாறாம் பக்கத்தை வெளியே எடுத்தாள். மடிப்பில் தயிர்சாதத்தின் ஈரம் பட்டு ஒரு ஓரம் நைந்திருந்தது, சிவப்பு மை கொஞ்சம் பரவியிருந்தது, இரண்டு கோடும் அப்படியேதான் இருந்தது. “வேண்டாம்ணே, அந்தப் பொண்ணை எழுப்பாதீங்க. அவளுக்கு ஆள் வந்தாச்சு” என்றாள். செல்லதுரை விழித்தார். அந்த அம்மா இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்கு.

“இருப்பாம்மா” என்றாள் இந்திராணி. “உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கா. போங்க. இன்னைக்கு எண்ண மாட்டா.” இதை ரிஸ்வானாவிடம் யாரும் சொல்லவில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. ஃபைலை எடுத்து இடுக்கிக்கொண்டு மூன்றாம் அறைக் கதவுவரை அவரோடு நடந்தாள், கதவைத் தள்ளினாள். ரிஸ்வானா நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள், முதலில் அந்த அம்மாவைப் பார்த்தாள், பிறகு அக்காவை. மேற்பார்வையாளர் இந்த நேரத்தில் இந்த அறை வாசலில் நிற்கவே கூடாது. இந்திராணி வலது கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்து, மெல்ல மூடி, கீழே இறக்கினாள். ரிஸ்வானாவின் கை மேஜைக்கு அடியிலிருந்து மேலே வந்தது, இரண்டு உள்ளங்கையும் மேஜைமேல் தட்டையாக உட்கார்ந்தன. “வாங்கம்மா” என்றாள் ரிஸ்வானா. கதவு சாத்திக்கொண்டது.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தார். “உக்காருங்க. எங்க ரிஸ்வானா? ஃபைலைக் குடுங்க.” இந்திராணி உட்காரவில்லை. நாலாக மடிந்த தாளை மேஜைமேல் விரித்து உள்ளங்கையால் நீவினாள், அது நிமிரவில்லை, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மேடம், ஃபைலுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க” என்றாள். “யாரு அவளை அப்படி உக்காரச் சொன்னாங்கன்னு கேட்டீங்களே. இது என் கையெழுத்து.”